தோடரும் கோத்தரும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் குடியிருப்பான மந்துவைப் பார்த்தோம். வளைகூரை வீடும் பூத்துக்குளி என்ற பூத்தையல் சால்வை போர்த்திய பாட்டிகளுமாக, பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. "கோத்தர்னு இன்னொரு கூட்டம் இருக்குதுங்க, அங்க பார்க்க ஒண்ணும் இல்லைங்க" என்றார் ஓட்டுநர். அப்படித்தானா? இந்த இரண்டு கூட்டத்துக்கும் என்ன உறவு?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டேன். நீலகிரியைப் பற்றி இருநூறு ஆண்டுகளாக எழுதியவர்களில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள். முதலில் மலையேறிய வெள்ளையர்கள் தோடரின் உயரத்தையும் தாடியையும் கண்டு மயங்கி, ரோமர் வழிவந்தவர்கள், யூதரின் தொலைந்துபோன கிளை என்றெல்லாம் எழுதினார்கள். தோடர் பேசுவதோ தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி. கோத்தர் பேசுவதும் அப்படித்தான். ஆனால் கரிபிடித்த கையோடு உலையருகே நின்ற கோத்தரிடம் அவர்கள் எந்தப் புராதனப் பெருமையையும் தேடவில்லை. செத்த எருமையைத் தின்பவர்கள் என்ற இளக்காரம் மட்டும் பதிவாகியது.

தோடருக்கு எருமைதான் எல்லாம். பால் கடையும் இடமே கோயில், கடைபவரே பூசாரி. மரபுப்படி புலால் உண்பதில்லை, ஏர் பிடிப்பதில்லை. கோத்தர் ஏழு ஊர்க்காரர்கள். அந்நாளில் ஆண்கள் இரும்படிப்பார்கள், மரம் இழைப்பார்கள், தோல் பதனிடுவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள்; பெண்கள் பானை வனைவார்கள். இதோடு சொந்த வயலில் விவசாயமும் உண்டு. சமவெளியில் கொல்லர், தச்சர், குயவர் என்று தனித்தனிச் சாதிகளாகிப்போன தொழில்கள் எல்லாம் அங்கே ஒரே குடும்பத்துக்குள் இருந்தன. எனக்கு நீலகிரியின் பெரிய வியப்பு இதுதான், வளைகூரை வீடு அல்ல.

உறவு என்று கேட்டீர்கள். தோடரிடம் பாட்டு உண்டு. நினைத்த மாத்திரத்தில் புனைந்து பாடும் அற்புதமான மரபு அது. ஆனால் வாத்தியம் கிடையாது. எனவே தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் 'கொள்' என்ற குழலும் பறையுமாக வர வேண்டியிருந்தது. இறந்தவரோடு மறுவுலகுக்கு அனுப்பப் பலியிடும் எருமைகளின் இறைச்சி கோத்தருக்கு. கத்தியும் கோடரியும் பானையும் கோத்தரிடமிருந்து போகும், நெய் தோடரிடமிருந்து வரும். தானியம் தந்த இன்னொரு மலைக் கூட்டமான படகரும் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள்.

இதை வெறும் நட்புக் கதையாகச் சொல்லிவிடவும் கூடாது. எந்த இறைச்சியைக் கொடுத்தார்களோ, எந்த இசையைப் பெற்றுக்கொண்டார்களோ, அவற்றைச் சொல்லியே கோத்தரை மற்றவர்கள் தாழ்த்தி வைத்தார்கள். 1930களில் அந்த ஏற்பாடு தளர்ந்தது. சந்தையில் இரும்புச் சாமான் மலிந்ததும், படகர் சீர்திருத்தக்காரர்கள் கோத்தர் இசையை விலக்கியதும் காரணங்கள். பிறர் சாவுக்கு இனி வாசிப்பதில்லை என்று கோத்தருக்குள்ளேயே குரல் எழுந்தது. அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன்.

தோடரும் சுகமாக இல்லை. அவர்களின் மேய்ச்சல் புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டன, தேயிலை பரவியது, எருமைகள் குறைந்தன. பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான், ஆனால் அது புல்வெளியைத் திருப்பித் தராது.

கோத்தர் இசை அழிந்துவிடவில்லை. தங்கள் தெய்வங்களான அய்யனோர், அம்மனோர் திருவிழாவில் இன்றும் அவர்களே வாசிக்கிறார்கள், தங்களுக்காக. டிசம்பர், ஜனவரியில் போனால், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.