பட்டா மேல்முறையீட்டில் நம் பெயரே இல்லையென்றால்?

கேள்வி: தாத்தா நிலம் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவர் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார். பட்டாவைத் தன் பெயருக்கே மாற்றச் சொல்லி சித்தப்பா கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார். பெரியப்பா மட்டும்தான் எதிர்மனுதாரர், எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை. விசாரணையன்று நேரில் போய்ப் பேசினால் போதுமா?

போதாது. போய் நிற்கலாம், அதிகாரி "நீங்க யாரு?" என்று கேட்டு இரண்டு நிமிடம் பேசவும் விடலாம், ஆனால் கோப்பில் உங்கள் பெயர் ஏறாதவரை அடுத்த வாய்தாவும் தெரியவராது, உத்தரவு நகலும் வீடு வந்து சேராது.

அதனால் எழுத்தில் மனு கொடுங்கள். 'எங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்' என்பதுதான் கோரிக்கை. மேல்முறையீட்டு எண், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், கட்டிக்கொடுத்த அக்கா தங்கை உட்பட. அவர்களை விட்டுவிட்டால் நாளைக்கு இதே புகாரோடு அவர்கள் வந்து நிற்பார்கள். வாரிசுச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, கூட்டுப்பட்டா நகல் இவற்றை இணையுங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: நிலம் யாருடையது என்று பத்துப் பக்கத்துக்குக் குடும்பக் கதை எழுதுவார்கள். சொத்தில் யாருக்கு உரிமை என்று வருவாய் அதிகாரி தீர்ப்புச் சொல்ல முடியாது, அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான். பட்டாவில் அப்பா பெயர் இருக்கிறது, இந்த மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டால் அந்தப் பெயர் நீக்கப்படும், எங்களைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது. பாதிக்கப்படுபவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பதிவை மாற்றக்கூடாது என்பது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே மனுவில் சித்தப்பா தாக்கல் செய்த ஆவணங்களின் நகலையும், பதிலுரை தாக்கல் செய்ய அவகாசத்தையும் கேட்டுவிடுங்கள்.

சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் கைப்பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "சார்கிட்ட சொல்லிடறேன்" என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கே விரைவுத் தபாலில் ஒரு பிரதி அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் 'எனக்கு வாய்ப்பே தரவில்லை' என்று வாதாட அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

ஒருவேளை இதற்குள் உத்தரவு போட்டுவிட்டார்கள் என்றால், சேர்ப்பு மனுவுக்கு வேலையில்லை. உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு, அதே பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு மனு போடுங்கள். சித்தப்பா உங்கள் பங்கையே மறுக்கிறார் என்றால் அதோடு நிற்காமல், உரிமையை விளம்புகை செய்யக் கோரி, அதாவது இந்தப் பங்கு உங்களுடையது என்று நீதிமன்றமே அறிவிக்கக் கோரி, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். 14ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது, தீர்ப்பு எப்படி வருகிறதோ அதன்படி பட்டாவைத் திருத்தியாக வேண்டும்.