என் ரிட்ஜ்பேக் இன நாய், நாய் கண்காட்சிப் போட்டியில் மூன்று முறை தோற்றுவிட்டது. நடுவர் ஓரவஞ்சனை செய்கிறாரா?

இருக்கலாம் தம்பி. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் உங்கள் நாயைக் கொஞ்சம் அந்நியர் கண்ணால் பாருங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டிலும் அந்தக் கதைதான். என் பெண் நாயின் முதுகு மயிர்ச் சுழிகள் இரண்டும் நேருக்கு நேர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

நடுவர் எந்த நாய் அழகு என்று பார்ப்பதில்லை. இனத்தின் தர வரையறைக்கு எது நெருக்கம் என்று பார்க்கிறார். ரிட்ஜ்பேக்குக்கு அதன் முதல் வடிவம் 1922இல், இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில் எழுதப்பட்டது. முதுகில் எதிர்த்திசையில் வளரும் மயிர்க்கோடு தோளுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பெலும்பை நோக்கிக் குறுகிச் செல்ல வேண்டும். அதில் ஒரே மாதிரியான இரண்டே சுழிகள், எதிரெதிராக. அவை கோட்டின் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆண் நாயின் உயரம் 63 முதல் 69 செ.மீ. நெஞ்சிலும் விரலிலும் கொஞ்சம் வெள்ளை பரவாயில்லை, வயிற்றில் அதிகம் இருந்தால் குறைதான்.

ஆகவே டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். மேலிருந்து ஒரு படம் எடுங்கள். நடையை வீடியோ பிடித்து, நாய் வளர்க்கும் வேறொருவரிடம் காட்டுங்கள். உங்கள் மாமாவிடம் காட்டாதீர்கள், அவர் எப்படியும் பாராட்டுவார்.

தோற்ற அன்று வென்றவருக்குக் கை கொடுங்கள். தீர்ப்பெல்லாம் முடிந்த பிறகு நடுவரிடம் போய், "ஏன் தோற்றது?" என்று கேட்காமல், "எதைக் குறையாகப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் கிடைக்கும்.