உடுக்கைத் தொட்டியும் கம்பித் தூரிகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூரிச்சில் ஒரு பழம்பொருள் சந்தையில் இடை சிறுத்த, உடுக்கை போன்ற சாம்பல் நிறப் பூந்தொட்டி ஒன்று வாங்கினேன். வில்லி கூல் வடிவமைத்தது, ஐம்பதுகளின் எடர்னிட் சரக்கு என்றார் விற்றவர். உடம்பெல்லாம் பாசி. கம்பித் தூரிகையால் தேய்த்து, அடியில் துளை போட்டு, வரவேற்பறையில் வைக்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தத் தூரிகையைக் கீழே வையுங்கள்.

வாங்கியது நல்ல பொருள்தான். சூரிச் கலைத்தொழிற்பள்ளியில் ஆசிரியராக இருந்த கூல், 1950களின் தொடக்கத்தில் எடர்னிட் ஆலைக்குப் பூந்தொட்டிகள் வடிவமைத்தார். ஆலையின் வழக்கமான சரக்கு கூரைத் தகடு. நார், சிமெண்ட், நீர் மூன்றும் சேர்ந்த கூழ், காகிதம் செய்வதுபோல மெல்லிய ஏடாகப் படிந்து வரும். ஈரம் இருக்கும்போதே அதை அச்சின்மேல் போர்த்திக் கையால் அழுத்தி வளைப்பார்கள். இத்தனை பெரிய தொட்டிக்கு இத்தனை மெல்லிய விளிம்பு வாய்த்தது அப்படித்தான். 1954இல் அவர் செய்த புகழ்பெற்ற நாற்காலியும் அதே ஏடு. வளைந்து திரும்பும் ஒரே பட்டை, கால்களே கிடையாது. ‘யானைக்காது’ என்றொரு தொட்டியும் உண்டு. கண்டால் விடாதீர்கள்.

சிக்கல் அந்த நாரில் இருக்கிறது. அது ஆஸ்பெஸ்டாஸ். நம் ஊர்க் கொட்டகைகளின் மேல் கிடக்கும் சீட்டுக்கு உங்கள் தொட்டி ஒன்றுவிட்ட தங்கை. சுவிட்சர்லாந்தில் 1990க்கு முன் செய்த எடர்னிட் எதுவானாலும் அந்த நார் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை தொல்லை இல்லை. தேய்த்தால், துளைத்தால், உடைத்தால், பீச்சுக்குழாயால் அழுத்திக் கழுவினால் நார் காற்றில் கலந்துவிடும். மூச்சில் போனது பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றாக முளைக்கலாம்.

முதல் தொட்டியை நானும் தேய்த்தேன். பால்கனியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. பக்கத்தில் வைத்திருந்த காப்பியின் ஆடைமேல் சாம்பல் தூள் படிந்தது. கூரை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துப் போட்ட சத்தத்தில் கை நின்றது. ‘தண்ணீர் தெளி, ஈரத்துணியால் துடை, துணியைப் பையில் கட்டு’ என்று சொல்லிவிட்டுச் சன்னலை அடைத்துக்கொண்டார். அந்தக் காப்பியைக் கொட்டிவிட்டேன்.

ஆகவே பாசி இருக்கட்டும். சேகரிப்பவர்கள் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். முதலில் அடியைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் துளை இருக்கும். இல்லையென்றால் செடியை பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்குங்கள். தேங்கும் நீரைக் கொட்ட அவ்வப்போது வெளியே எடுத்தால் போதும். மேற்பரப்பு அரித்து நார் நீட்டிக்கொண்டிருந்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். எப்படியானாலும் இடம் வெளியில்தான்.

வரவேற்பறைக்கே வேண்டுமென்றால், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நார்ச்சிமெண்டில் அதே வடிவங்களைப் பிற்காலத்தில் செய்திருக்கிறார்கள். பழம்பொருள் பித்தர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.