டேகுவில் ஒரு சனிக்கிழமை: சியோலுக்கு ஓட வேண்டாம் தம்பி

ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தென்கொரியாவின் டேகு நகரத்துக்கு வந்திருக்கும் தம்பி கேட்டது இதுதான்: "வார இறுதியில் ஆய்வகத்தை விட்டால் விடுதி அறை, அதை விட்டால் ஆய்வகம். எல்லோரும் சியோல் போ, பூசான் போ என்கிறார்கள். ரயில் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. இந்த ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லையா அக்கா? பழைய தெருக்களில் தனியாகச் சுற்றினால் யாராவது ஏதாவது சொல்வார்களா? கொரிய மொழியும் தெரியாது."

"இங்கே ஒன்றும் இல்லை" என்று டேகுக்காரர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். நகரின் நடுவில் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழைய சந்துகள் இருக்கின்றன. முதலில் நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சந்துகளில் கூகுள் மேப்பை நம்பி நடக்க முடியாது. மெட்ரோ இரண்டாம் தடத்தில் சொங்னா குன்று நிலையத்தில் இறங்கி, குன்றில் ஏறி, அந்தப் பக்கம் படிக்கட்டு வழியாக இறங்குங்கள். பலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து படியேறி மூச்சு வாங்குவார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

குன்றின் மேல் அமெரிக்க மிஷனரிகள் 1910 வாக்கில் கட்டிய செங்கல் வீடுகள் இருக்கின்றன. அவற்றின் அடித்தளக் கற்களைக் கவனியுங்கள். டேகுவைச் சுற்றி ஒரு கோட்டை மதில் இருந்தது. ஜப்பானிய வணிகர்களுக்கு அது இடைஞ்சல். பாக் ஜுங்-யாங் என்ற அதிகாரி 1906-07இல் அதை இடித்துத் தள்ளினார். இடித்த கற்களில் கொஞ்சம் இந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று இளைஞர்கள் துணி வாங்கவும் காபி குடிக்கவும் கூடும் தொங்சொங்ரோ தெரு, கிழக்கு மதில் நின்ற அதே கோட்டில்தான் ஓடுகிறது. நீங்களும் அதில் நடந்திருப்பீர்கள், மதில் இருந்த இடம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

படிக்கட்டு தொண்ணூறு படிகள். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1919 மார்ச் 8 அன்று மாணவர்கள் ஜப்பானியக் காவலர்கள் கண்ணில் படாமல் இந்தப் பக்கமாகத்தான் சொமுன் சந்தைக்குப் போய்ச் சுதந்திர முழக்கம் எழுப்பினார்கள். சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். செல்ஃபி கூட்டம் இருந்தால் நிற்காமல் இறங்கிவிடுங்கள்.

சாலையைக் கடந்தால் கேசான் கத்தோலிக்கப் பேராலயம். முதலில் மரத்தில், கொரிய வீட்டுப் பாணியில் கட்டிய கோயில் 1901இல் தீயில் போனது. இப்போதிருக்கும் செங்கல் கட்டடம் 1902இல் எழுந்தது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடை உடுத்திய புனிதர்கள் இருப்பார்கள். பூசை நேரம் இல்லாதபோது உள்ளே போய் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பின்னால். உயரமான அடுக்குமாடிகளின் காலடியில் இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்று அடிமைப்பட்ட நாட்டைப் பாடிய கவிஞர் யி சாங்-ஹ்வா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது. அதை இடிக்கப் பார்த்தபோது ஊர் மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தித் தடுத்தார்கள், 2008இல் பார்வைக்குத் திறந்தார்கள். மற்றது வணிகர் சொ சாங்-தோன் பெயரில் உள்ளது. ஜப்பானிடம் கொரியா பட்டிருந்த கடன் 1 கோடியே 30 லட்சம் வொன். அதை மக்களே அடைத்துவிடுவோம், மூன்று மாதம் புகைபிடிப்பதை நிறுத்திக் காசு சேர்ப்போம் என்று 1907இல் இந்த ஊரில் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் அவர். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜப்பானியர் அதை நசுக்கிவிட்டார்கள், கடன் அடையவில்லை. ஆனால் அந்த இயக்கத்தின் ஆவணங்கள் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. கொஞ்ச நேரம் அந்த முற்றத்தில் நில்லுங்கள். நாம் வேலை செய்யும், படிக்கும் இந்த நாடு எங்கிருந்து வந்தது என்று எந்த ஆய்வகமும் நமக்குச் சொல்லித் தராது.

அப்புறம் மூலிகைச் சந்தைத் தெரு. 1658இல் தொடங்கியது என்கிறார்கள். தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். அதிமதுரம், இஞ்சி, பட்டை என்று நம் ஊர் நாட்டு மருந்துக்கடைக்குள் தலையை நுழைத்த மாதிரியே இருக்கும். ஊர் ஞாபகம் வந்தால் நான் கோயிலுக்குப் போவதை விட இங்கே வருவதுதான் அதிகம் (அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்). ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே போங்கள். இங்குள்ள மூலிகை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை.

கடைசியாக ஜின்கோல்மோக் என்ற நீளச் சந்து. ஒரு காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். இப்போது உணவகங்களும் பழைய தேநீர்க்கடைகளும். சாங்ஹ்வா என்ற கஷாயம் கேட்டால் மேலே முட்டை மஞ்சள் கரு மிதந்து வரலாம். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பசித்தால் சொமுன் சந்தைக்கு நடந்து போய்த் தட்டை மாண்டு (கொழுக்கட்டை மாதிரி, ஆனால் தட்டையானது) வாங்கிச் சாப்பிடலாம், உள்ளே சேமியா மாதிரியான நூடுல்ஸும் பூண்டுத்தாளும்தான் இருக்கும். கத்தியால் வெட்டிய நூடுல்ஸ் சூப்பை மட்டும் சைவம் என்று எண்ணிவிடாதீர்கள், அது பெரும்பாலும் நெத்திலி கொதித்த தண்ணீர்.

யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டீர்களே. மாட்டார்கள். அதுவே முதலில் சங்கடமாக இருக்கும். கடைக்காரர் "வாங்க" என்று கூப்பிட மாட்டார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சில் கறார் என்று மற்ற கொரியர்களே சொல்வார்கள். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லேசாகத் தலை குனிந்து "அன்னியோங் ஹாசேயோ" (வணக்கம்) சொன்னால் போதும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எந்த நாடு என்று கேட்டால் "இந்தோ" (இந்தியா) என்று சொல்லுங்கள், அதற்கு மேல் அவரே பேசிக்கொள்வார். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், இங்கே அதைப் பெரிய தப்பாக நினைப்பார்கள். சந்துக்குள் குடியிருப்பவர்களும் உண்டு, திறந்திருக்கும் வாசலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் உட்கார்ந்த ஊர் இது. 1942இல் 40 டிகிரி தொட்டது, 2018 வரை கொரியாவின் உச்ச வெப்பம் அதுதான். மே மாதத்தில் போனால் மூலிகைத் திருவிழாவும் அநேகமாக நடந்துகொண்டிருக்கும்.