எலெக்ட்ரிக் காருக்கு 38,500 ரூபாய் சர்வீஸ் பேக்கேஜ்: எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எலெக்ட்ரிக் கார் வாங்கி 2 வருடம் 9 மாதம் ஆகிறது, 33,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பள்ளிக்குப் போய்வர 40 கி.மீ., மாதம் இரண்டு தடவை கோத்தகிரியில் அம்மா வீடு. போன சர்வீஸ் பில் 7,860 ரூபாய் வந்தது, படம் இணைத்திருக்கிறேன். இப்போது டீலர் நான்கு வருடப் பராமரிப்பு பேக்கேஜ் 38,500 ரூபாய், இந்த மாதமே கட்டினால்தான் இந்த விலை என்கிறார். "இன்ஜினே இல்லாத வண்டிக்கு என்னக்கா சர்வீஸ், வெளியே பார்த்துக்கலாம்" என்கிறான் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். ஆனால் டீலரிடம் சர்வீஸ் விடுவதை இப்போது நிறுத்தவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயம், டீலர் அதை ஒன்றாகச் சேர்த்து விற்கிறார், தம்பி ஒன்றாகச் சேர்த்து வேண்டாம் என்கிறார்.

தம்பி சொல்வதில் பாதி சரி. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், டைமிங் பெல்ட் எதுவும் உங்கள் வண்டியில் இல்லை. பெட்ரோல் வண்டியின் சர்வீஸ் பில்லைத் தூக்கி நிறுத்துவதே இவைதான். பிரேக் பேடுகூட சீக்கிரம் தேயாது, ஏனென்றால் ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் "பிரேக் பேட் மாற்றுவதும் அடக்கம்" என்று பேக்கேஜில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்கு நீங்கள் ரொம்ப மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

மீதிப் பாதி? ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட், டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன், முன்னால் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி, அடியில் பெரிய பேட்டரிப் பெட்டியில் கல் அடித்திருக்கிறதா என்ற சோதனை, சாஃப்ட்வேர் அப்டேட். இவ்வளவுதான் வேலை, ஆனால் இவ்வளவும் வேலைதான். டெஸ்லா தன் கார்களுக்கு வருடாந்திர சர்வீஸ் என்று எதையும் கட்டாயமாக்கவில்லை. அந்த நிறுவனம்கூட 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயரை இடம் மாற்று, பிரேக் ஆயிலை இத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதி என்று மேனுவலில் எழுதித்தான் வைத்திருக்கிறது.

சரி, உங்கள் பில்லுக்கு வருகிறேன். லேபர், ஏசி ஃபில்டர், அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் வரியோடு சேர்த்து 4,460 ரூபாய். மிச்சம் 3,400 ரூபாய் மூன்று வேலைகளுக்கு: ஏசி கிருமி நீக்கம், ரப்பர் டிரஸ்ஸிங், "இன்ஜின் ரூம்" பாலிஷ். இந்த மூன்றும் உங்கள் மேனுவலின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், இருக்காது. இதைவிட எனக்குக் கவலை தருவது பில்லில் இல்லாத ஒரு வேலை. பிரேக் ஆயில் மாற்றியதாக எங்கேயும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏற ஏற சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் மிதி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் மேனுவலும் அப்படிச் சொன்னால் ஒன்பது மாதம் தாண்டிவிட்டது. இது உங்களுக்கு வெறும் பண விஷயம் இல்லை, நீங்கள் மாதம் இரண்டு தடவை கோத்தகிரி மலையிறங்குகிறவர். அம்மா வீட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால் பேட்டரியில் திருப்பி வாங்க இடமே இருக்காது, மோட்டார் பிடிப்பது குறைந்துவிடும், மேட்டுப்பாளையம் வரைக்கும் பெரும்பாலும் பிரேக்தான் வேலை செய்ய வேண்டும். மேலே இருக்கும்போது 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதற்குக் காசு கிடையாது.

இப்போது பேக்கேஜ் கணக்கு. 4,460 ரூபாய் வீதம் நான்கு வருடம் 17,840. பிரேக் ஆயில் இரண்டு தடவை, தடவைக்கு 1,800 என்று வைத்தால் 3,600. கூலன்ட் ஒரு தடவை, தாராளமாக 5,500. மொத்தம் 26,940. விலை ஏறும் என்று பத்து சதவீதம் கூட்டினாலும் 30,000 ரூபாயைத் தாண்டவில்லை. அவர் கேட்பது 38,500, அதுவும் இன்றைக்கே முழுசாக. நடுவில் வண்டியை விற்றாலோ, மாற்றலாகி அந்த டீலர் இல்லாத ஊருக்குப் போனாலோ மீதி திரும்ப வருமா என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? டயரும் 12 வோல்ட் பேட்டரியும் பொதுவாக இந்தப் பேக்கேஜ்களில் அடங்காது. ஆனால் உங்களுக்கு உண்மையில் வரப்போகும் செலவு அவைதான். எலெக்ட்ரிக் வண்டி எடை கூடுதல், கிளம்பும்போதே முழு இழுவை, அதனால் டயர் சீக்கிரம் தேயும். நாலு டயருக்கு 30,000 முதல் 40,000 வரை ஆகலாம். மாதம் 1,500 ரூபாய்க்கு வங்கியில் இரண்டு வருட ஆர்.டி. ஒன்று போடுங்கள். இரண்டு வருடத்தில் 36,000 ரூபாயும் வட்டியும் உங்கள் கையில் இருக்கும், டயர் வாங்க கிரெடிட் கார்டு தேய்க்க வேண்டாம்.

அப்படியானால் வெளியே விட்டுவிடலாமே என்பான் தம்பி. சட்டத்தில் அவன் பக்கம் நியாயம் உண்டு. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டுமே மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் உங்கள் பேட்டரி 2029-இல் மக்கர் பண்ணும்போது நீங்கள் டெல்லி உத்தரவைக் காட்டி வாதாட விரும்புவீர்களா, அல்லது வரிசையாகச் சீல் விழுந்த சர்வீஸ் ரெக்கார்டைக் காட்ட விரும்புவீர்களா? இந்தியாவில் பேட்டரிக்குப் பரவலாகத் தருவது 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி. பேட்டரி மாற்ற நேர்ந்தால் அது லட்சக்கணக்கில் போகும் செலவு. வருடம் 4,460 ரூபாய் அந்த வாரண்டிக்கு நீங்கள் கட்டும் பிரீமியம் மாதிரி, அதனால்தான் அட்டவணையில் உள்ள சர்வீஸை டீலரிடமே விடச் சொல்கிறேன். வைப்பர், டயர் இடம் மாற்றுவது, அலைன்மென்ட் இதையெல்லாம் வெளியே செய்யலாம், பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். கூலன்ட்டில் மட்டும் வெளியாள் கை வைக்க வேண்டாம். சில வண்டிகளுக்கு மின்சாரம் அதிகம் கடத்தாத தனி ரகம்தான் ஊற்ற வேண்டும், பெட்ரோல் பங்கில் கிடைப்பதையோ தண்ணீரையோ ஊற்றினால் வாரண்டிக்கே வினையாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வண்டியின் பொது வாரண்டி எத்தனை வருடம்? மூன்று வருடம் என்றால் இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. 8 வருடம் என்பது பேட்டரிக்கும், சில நிறுவனங்களில் மோட்டாருக்கும்தான். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், 12 வோல்ட்டுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர், டிஸ்பிளே இவை அந்த எட்டு வருடத்தில் அடங்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடங்கவில்லை என்றால் ஒன்று போனாலும் பெரிய தொகை. நீட்டிப்பு வாரண்டியைப் பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கினால்தான் உண்டு. பராமரிப்பு பேக்கேஜும் இதுவும் ஒன்று என்கிற மாதிரி சிலர் பேசுவார்கள், ஒன்றில்லை. எந்தெந்தப் பாகம் அடக்கம் என்று மின்னஞ்சலில் பட்டியலாகக் கேளுங்கள். சார்ஜரும் கன்வெர்ட்டரும் அதில் இருந்து, விலையும் 38,500-ஐவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால், உங்கள் கைக்காசு போக வேண்டிய இடம் அதுதான்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். என் வண்டியின் ஏசி ஃபில்டரை நானே கடையில் வாங்கி மாட்டியபோது ஓரத்தில் பேனாவால் தேதி எழுதியிருந்தேன். அடுத்த சர்வீஸில் "ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று பில் வந்தது. வீட்டுக்கு வந்து டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றிப் பார்த்தால் என் கையெழுத்தில் அதே தேதி, மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலை நாலைந்து. திரும்பப் போய்க் காட்டியதும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காவிட்டால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்திருப்பேன்.

அதனால் அடுத்த சர்வீஸுக்கு விடும்போது மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், ஜாப் கார்டில் அந்த வேலைகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள், "இதற்கு மேல் எது செய்தாலும் போனில் கேட்க வேண்டும்" என்று கீழே உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேட்டரியின் இப்போதைய திறன் எத்தனை சதவீதம் என்ற ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கேளுங்கள், பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். மாற்றிய பழைய ஃபில்டரை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.