பீரோவில் ஒரு கேமரா இருக்கும்போது

கேள்வி: வீட்டு உபயோகத்துக்கு 35,000 ரூபாய்க்குள் டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டும். 60 மடங்கு ஜூம் உள்ளதை வாங்கலாமா, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) நல்லதா? போனே போதும் என்கிறான் நண்பன். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. அப்பா எங்களோடு இருக்கிறார். அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது. மகள் பிறந்தபோது வாங்கிய கேனான் 1300டி, 18-55 லென்ஸோடு மூன்று வருடமாகப் பீரோவில் கிடக்கிறது. அம்மா படங்கள்கூட அந்தக் கார்டில்தான் இருக்கின்றன, இன்னும் காப்பி எடுக்கவில்லை. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம். கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, "அம்மா படங்கள்கூட அந்தக் கார்டில்தான்" என்று, அதைப் படித்த பிறகு ஜூமைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. பெற்றவளின் முகம் இரண்டு வருடமாகத் துணிகளுக்கு நடுவே கிடக்கிறது. துணையை இழந்த மனிதர் அதே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறார். அவர் கையில் ஒரு படத்தைக் கொடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. புதுக் கேமராக்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் கிடைத்திருக்கிறது. இது தவறு. கேமரா வாங்கப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் பிள்ளையாக நீங்கள் முடிக்க வேண்டிய வேலை இது.

மெமரி கார்டை நம்பி இப்படி விட்டுவைக்கக் கூடாது. அதில் படம் மின்னூட்டமாகத்தான் தங்குகிறது. தொடாமல் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் அது மெல்லக் கசியும். எந்தக் கார்டு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கே கார்டை வெளியே எடுங்கள். பக்கவாட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளினால் கை தவறியும் எதுவும் அழியாது. கார்டு ரீடரில் போட்டு முழு ஃபோல்டரையும் 'காப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கணினி கேட்டால் 'வேண்டாம்' என்று கொடுங்கள். படங்கள் தெரியவில்லை என்றால் அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பல சமயம் மீட்டுத் தரும். பழைய படத்தின் மேல் புதுப்படம் பதிந்துவிட்டால் அதுவும் கைகொடுக்காது. பிறகு இரண்டு காப்பி: ஒன்று உங்கள் ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறொரு வீட்டில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

இன்னொரு கணக்கும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மகனுக்கு 3 வயது, கேமரா பீரோவுக்குள் போய் 3 வருடம். அக்காவுக்காக வாங்கிய கேமரா தம்பியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. வளர்ந்து அவன் கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

கேமரா போதவில்லை என்று சொல்லவே முடியாது. 1300டி 18 மெகாபிக்சல். 4×6 பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சல் போதும். உங்களுடையதில் 12×18 பிரிண்டே தெளிவாக வரும். 60 மடங்கு ஜூம் கேமராக்களின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) சுமார் 6.2×4.6 மி.மீ.தான். 1300டியின் சென்சார் 22.3×14.9 மி.மீ., பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு. நிலாவையும் பறவையையும் எடுக்க அந்த ஜூம் உதவும். சென்சார் சிறியது என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற பிள்ளையை எடுத்தால் படம் குழம்பிவிடும். நண்பர் சொல்வது பகல் வெளிச்சத்துக்குச் சரி. இருட்டில் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அதற்குள் குழந்தை கையை அசைத்தால் விரல்கள் கரைந்துவிடும்.

இருப்பதைச் சோதியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரில் போடவே கூடாது, புது எல்பி-ஈ10 வாங்குங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமாக டார்ச் அடித்து முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. உள்ளே இருந்தால் சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும், 18-55க்கு அந்தச் செலவு செய்வதைவிடப் பழைய லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாம். பிறகு லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுங்கள். கரும்புள்ளிகள் வந்தால் சென்சாரில் தூசி. வாயால் ஊதினால் எச்சில் படும், ரப்பர் ப்ளோயர் போதும். இனி பீரோ வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40-50 சதவீதத்தில் வையுங்கள். அரிசி டப்பாவில் வைக்கிறார்கள் சிலர். அரிசித் தூசி லென்ஸ் இடுக்கில் போய்விடும்.

கேமரா உயிரோடு இருந்தால் வாங்க வேண்டியது ஒரே ஒரு லென்ஸ்: கேனான் ஈஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதி மிஞ்சும். 18-55 லென்ஸ் 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). புது லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். குறையும் சொல்லிவிடுகிறேன். 2 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 90 செ.மீ. அகலம்தான் படத்தில் விழும். குடும்பமே நிற்கும் படத்துக்குப் பழைய லென்ஸை 18இல் வையுங்கள். ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஆட்டோ. உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250 போல அதைவிட வேகமாக எடுத்தால் சில படங்கள் மங்கலாகவோ நிறம் மாறியோ வரும்.

கேமரா செத்தே போயிருந்தால் பழைய கேனான் 200டி தேடுங்கள். இப்போதுள்ள லென்ஸே அதற்கும் பொருந்தும், திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் வேகம். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் அடியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நிக்கானில் எத்தனை முறை ஷட்டர் அடித்தது (கேமரா எவ்வளவு உழைத்திருக்கிறது) என்பதைப் படக் கோப்போடு சேர்ந்து பதியும் எக்ஸிஃப் விவரத்திலிருந்தே எடுக்கலாம், கேனானின் இந்த வகை கேமராக்களில் அது வராது. கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பி விலை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடுங்கள். 4×6 அல்லது 8×12, மேட் பேப்பர். 5×7 கேட்டால் ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்படலாம். முகத்தை வெளுக்க வைக்கும் கரெக்‌ஷன் வேண்டாம் என்று லேபில் சொல்லிவிடுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கூட நிற்பவர் யார், எந்த ஊர், யார் வீட்டு விசேஷம் என்று அவர் சொல்லச் சொல்ல, மெல்லிய பெர்மனென்ட் மார்க்கரால் பின்பக்கம் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மை நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள்.