செவ்வாய்க்கிழமை எண்ணினீர்களா? – அலுவலக அமைப்பு பற்றிக் கேள்வி பதில்

அலுவலகங்களுக்கு உள்ளமைப்பு வரைபடம் போடுவது என் தொழில். மேசை, தடுப்பு, சத்தம், காற்று பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: 100 பேர் இருக்கிறோம். பாதி நாள் வீட்டிலிருந்து வேலை. 50 மேசை போதுமா?

பதில்: போதாது. எல்லோரும் திங்களும் வெள்ளியும் வீட்டில் இருந்துவிட்டு, செவ்வாய், புதனில் மொத்தமாக வந்து நிற்பார்கள். சராசரியை நம்பாதீர்கள். கூட்டம் அதிகமாக வரும் நாளில் தலையை எண்ணுங்கள்.

கேள்வி: நாங்கள் 60 பேர். எத்தனை மேசை?

பதில்: மேலே சொன்னதுதான்.

கேள்வி: சுவரையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கலந்து பேசுவோமாம். கவனமே நிற்பதில்லை.

பதில்: கலந்தும் பேச மாட்டீர்கள். 2018இல் பெர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்கு உணர்கருவி மாட்டி அளந்தார்கள். திறந்த கூடத்துக்கு மாறியதும் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. ஊரே பார்க்கிற இடத்தில் யார் வாய் திறப்பார்கள்? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்துவிடுவார்கள்.

கவனத்தைக் கெடுப்பது சத்தத்தின் அளவை விட, புரிகிற பேச்சுதான். ஏசியின் உறுமல் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பக்கத்து மேசைக்காரர் போனில், "இல்லை, அந்தத் தேதி இல்லை... அவரா சொன்னார்?" என்றால், மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று நம் மூளை தேட ஆரம்பித்துவிடும். முதலில் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போடச் சொல்லுங்கள். போன் பேசத் தனிச் சிற்றறை அடுத்தது.

குறுக்கே ஒருவர்: அப்படியானால் ஆளுக்கொரு தடுப்பு வைத்த பழைய கியூபிக்கிளே மேல் என்கிறீர்களா?

பதில்: அதன் கதையும் சோகம்தான். 1968இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மேசை நாற்காலி நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய தடுப்புகள் 120 பாகையில் அகலமாக விரியக்கூடியவை. வாங்கியவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்க 90க்கு மடக்கிப் பெட்டியாக்கினார்கள். கடைசியில் அவரே நொந்துகொண்டார்.

அதே நபர்: தடுப்பு வைத்தால் யார் வேலை செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

பதில்: முடித்த வேலையைப் பாருங்கள். முதுகைப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

அதே நபர்: மேலாளராக இருந்து பாருங்கள், புரியும்.

பதில்: இருந்திருக்கிறேன். கதவோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் என் வேலை எதுவும் நடக்கவில்லை. சரி, அடுத்தவர்.

கேள்வி: கூட்ட அறையில் உட்கார்ந்தால் அரை மணியில் கொட்டாவி வருகிறது. ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: சுவரில் மாட்டும் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். புதுக்காற்றுக்கு வழி வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை மேசையில் வையுங்கள். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டினால் கதவைத் திறங்கள்.

கேள்வி: எந்த நாற்காலி நல்லது?

பதில்: என் துறை இல்லை. உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 40 பேருக்கு 30 மேசை போதும்தானே?

பதில்: செவ்வாய்க்கிழமை எண்ணினீர்களா?

கேட்டவர்: எண்ணினேன். 37.

பதில்: அப்புறம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?